யப்பான் வழியாகப் போன மூக்குக்கண்ணாடி

ஞானம் மாமா ஜப்பானுக்குப் புறப்பட்டது 2016ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அன்று காலை பரிஸின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே தேநீரைக் குடித்து முடித்து, குவளையைக் கழுவி வைத்துவிட்டு, "அப்ப வாறன், பியட்றிஸ்" என்று என் அம்மாவிடம் சொன்னார். ஜேர்மனியில் இருக்கும் ஒன்றுவிட்ட தமையன் வீட்டுக்குப் போவதாகத்தான் அம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அம்மா பெட்டியைப் பார்த்தார்.

"டோர்ட்மண்டுக்குப் போக இவ்வளவு பெரிய பெட்டியோ அண்ணை?"

"குளிர் உடுப்பு."

"அங்கை என்ன, பனிக்கரடியோ வளக்கினம்?"

மாமா சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். அவர் போய்ச் சேரப்போவது என்னிடம்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. நான் அப்போது மேற்கு ஜப்பானில் ஒனோமிச்சி என்ற சிறிய துறைமுக நகரத்தில், ஒரு தங்குமடத்தில் படுக்கை விரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். இளவயதுப் பிரெஞ்சுக்காரருக்கு ஓராண்டு வேலை செய்தபடி ஊர்சுற்ற ஜப்பான் கொடுக்கும் விசாவில் போயிருந்தேன். அதற்கு முன் வேறு நாடுகள், அதற்குப் பிறகும் வேறு நாடுகள். இந்தப் புறப்பாட்டின் கதையை மாமாவிடமும் அம்மாவிடமும் பின்னால் கேட்டுத்தான் சேர்த்தேன்.

மாமா நேரே விமான நிலையத்துக்குப் போயிருந்தால் சிக்கல் இல்லை. நான்தான் "வரேக்கை ஒரு பக்கெற் மிளகாய்த்தூள் கொண்டு வாங்கோ" என்று எழுதியிருந்தேன். அதனால் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, அந்தப் பெரிய பெட்டியையும் இழுத்துக்கொண்டு ரூ பெர்தொனே தெருவில் உள்ள வலன்ரைனின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தார்.

எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் பெரிய பெட்டியோடு நடக்கும் மனிதனுக்கு ஒரே ஒரு போகுமிடம்தான் உண்டு: ஊர், இலங்கை.

"ஆ, அண்ணை! கடைசியா வெளிக்கிட்டாச்சு!" வலன்ரைன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "ஒருத்தருக்கும் சொல்லாமல் போகப் பாத்தனீங்கள், என்ன?"

"இல்லை வலன்ரைன், நான்..." என்று மாமா மிளகாய்த்தூள் பக்கெற்றைக் கையில் எடுத்தார்.

"தூளோ? ஊருக்குத் தூள் கொண்டு போற முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை."

சொல்லிக்கொண்டே குனிந்து, கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு சிறிய பொதியை எடுத்தான். ஊருக்குப் போகிறவர் யாராவது அகப்படுவார்களா என்று பல கிழமையாக அங்கே காத்திருந்த பொதி. ஊருக்குப் போகிறவர்கள் மற்றவர்களின் சாமானையும் கொண்டுபோவது எங்கள் ஆட்களிடம் சொல்லாமல் நடக்கும் விசயம். மாட்டேன் என்பது, கண்ட இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல.

"அம்மான்ரை கண்ணாடி. பழசு உடைஞ்சு போச்சு. பைபிள் வாசிக்க ஏலாமல் மனிசி நித்தம் போனிலை என்னைத் தின்னுது. அங்கை செய்விக்கச் சொன்னா, பரிஸிலை செய்த மாதிரி வராதாம். உங்கடை அக்கா வீட்டுக்கும் எங்கடை வீட்டுக்கும் நடுவிலை ரெண்டு ஒழுங்கைதானே. அக்காட்டைக் குடுத்தாச் சரி, அம்மா வந்து எடுப்பா."

"அவன் 'அக்காட்டை' எண்டு சொன்னவுடனை எனக்கு வாய் ஒட்டிப்போச்சுது, பிள்ளை" என்று மாமா பின்பு என்னிடம் சொன்னார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்து, பொதியை உடுப்புகளின் மேல் வைத்துப் பூட்டினார். தூளுக்கு வலன்ரைன் காசு வாங்கவில்லை. கிளிநொச்சி வட்டக்கச்சியில் ஒரு கிழவி வேதாகமம் வாசிக்கப் போட வேண்டிய கண்ணாடி அன்று மத்தியானம் ஒசாகாவுக்குப் பறந்தது.

மாமாவின் முழுப்பெயர் ஞானசுந்தரம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சின்ன அறையில் வாடகைக்கு இருப்பவர். இரத்த உறவு இல்லை. கலியாணமும் இல்லை. பரிஸில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சலாட்டும் குளிர்ச் சாப்பாடும் போடுவது அவர் வேலை. மதிய வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலை ஆறரைக்குத் தொடங்கும். இடையிலே கிடைக்கும் ஓய்வுக்குக் 'கூப்பூர்' என்று பெயர். வீட்டுக்குப் போய் வர நேரம் காணாது. உணவகத்துக்குள் இருக்கவும் விடமாட்டார்கள். பின்னேரங்களில் லா சப்பல் கடைவாசல்களில் நிற்கும் ஆண்களில் பாதிப் பேர் இப்படிக் கூப்பூரில் நிற்பவர்கள்தான். சிலர் சீட்டாடுவார்கள், சிலர் தேநீர்க் கடையில் அரசியல் பேசுவார்கள். மாமா ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்கம், கணினிகள் வரிசையாக இருந்த இருட்டு அறைக்குள் போய்விடுவார். அங்கே அவருக்கு ஒரு கப்பல் இருந்தது.

ஜப்பானியர்கள் செய்த இணைய விளையாட்டு அது. சின்னப் பாய்க்கப்பலில் அரிசி, உப்பு, கருவாடு என்று ஏற்றிக்கொண்டு துறைமுகம் துறைமுகமாகப் போக வேண்டும். வெட்டுக்குத்து ஒன்றும் கிடையாது. அந்தக் கடலில் நீரோட்டம் ஒரு நேரம் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் ஓடும். உங்களுக்கு வேண்டிய பக்கம் அது திரும்பும்வரை துறைமுகத்தில் கட்டிவைத்துக் காத்திருக்க வேண்டும். திரையில் மட்டுமல்ல, மெய்யாகவே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு ஒருமுறை காட்டினார். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட்டேன். ஆனால் அந்த விளையாட்டின் பிரியர்கள் காத்திருப்பதற்காகவே வருகிறவர்கள். காத்திருக்கும்போது எழுதிப் பேசிக்கொள்வார்கள். பரிஸில் மாலை நாலு மணி என்றால் ஜப்பானில் இரவாகிவிடும். வேலை முடிந்து வீடு திரும்பிய ஐந்தாறு பேர் எப்போதும் மாமாவின் கூட்டத்தில் இருந்தார்கள். மாமா மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்களுடன் பேசுவார்.

"லா சப்பலிலை ஒருத்தனைக் கண்டா முதல் கேள்வி, 'ஊரிலை எவடம்?' அடுத்தது, 'அங்கை இப்ப ஆர் இருக்கினம்?' அந்தத் துறைமுகத்திலை அப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

2009 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், அவர் அக்கா தையல்நாயகியும் அத்தான் தவரத்தினமும் வன்னியில், கடலோரத்து மணல் திட்டில், பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். பரிஸில் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஆர்ப்பாட்டம் செய்து தெருவில் நின்றார்கள். மாமாவும் நின்றார். கூப்பூரில் ஓடிப்போய்க் கொடி பிடித்துவிட்டு, இரவு வேலைக்கு ஓடி வருவார். ஒரேயொரு நாள் போகவில்லை. அன்று அவருக்கு மூளையைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. தொலைபேசிக் கடைக்குப் போனார். கைத்தொலைபேசி இருந்த குளிர்ச்சட்டையைக் கதிரையில் தொங்கவிட்டு, காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, நீர் திரும்பும்வரை காத்திருந்தார்.

வெளியே வந்து பார்த்தபோது மூன்று தவறிய அழைப்புகள். மூன்றும் ஒரே நீண்ட செய்மதித் தொலைபேசி இலக்கம், அடுத்தடுத்து. திருப்பி எடுத்தார். அந்த இலக்கம் அன்றும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் அத்தான் எறிகணை விழுந்து இறந்துபோனார் என்பது, பல மாதம் கழித்து அக்கா முகாமிலிருந்து பேசியபோதுதான் தெரிந்தது.

எதற்காக மூன்று முறை எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. அந்த அழைப்புகளுக்கு மாமா தானே குரல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காயக்காரரை ஏற்றிப்போகும் கப்பலில் ஓர் இடம் கேட்டிருப்பாளோ. யாரிடமாவது பேசச் சொல்லியிருப்பாளோ. தான் எடுத்திருந்தால் அத்தான் இருந்திருப்பாரோ.

அகதிப் பத்திரத்தில் இலங்கைக்கு மட்டும் போக முடியாது. அது அவருக்கு ஒரு வசதியாக இருந்தது. 2014இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. கடவுச்சீட்டை எடுத்து வந்து அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா அழைத்துக் கேட்பார்: "பேப்பர் வந்துட்டுதோடா?" மாமா சொல்வார்: "இன்னும் இல்லை, அக்கா."

"ஏன் மாமா பொய் சொல்லுறியள்?" என்று நான் ஜப்பானில் வைத்துக் கேட்டேன்.

"பிளேன் ஏறினா இறங்கோணும். இறங்கினா அவ நிப்பா. அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு, ஏன் எடுத்தனீங்கள் எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது, பிள்ளை? கேக்காமல் எப்பிடி அவவின்ரை கையாலை சாப்பிடுறது?"



ஃபுகுயாமா ரயில் நிலையத்தில் அவரை எதிர்கொண்டபோது, பெரிய நகரங்களைக் காட்டலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். அவர் கையை ஆட்டிவிட்டார். "தோக்கியோ வேண்டாம். பியூஜி மலையும் வேண்டாம், அது பிஸ்கற் பெட்டியிலை இருக்கு." அவருக்கு வேண்டியவை, உள்நாட்டுக் கடலோரம் இருக்கும், ஜப்பானியரிலேயே பலர் போயிராத பழைய துறைமுகங்கள். ஒரு காலத்தில் கப்பல்கள் நீரோட்டத்துக்குக் காத்து நின்ற ஊர்கள். அந்த விளையாட்டை வரைந்தவர்கள் இந்த ஊர்களைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று அதன் பிரியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். திரையில் தெரிவது போலவே அதே மூலையில் நின்று படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புவது அவர்கள் வழக்கம்.

முதலில் மித்தராய் என்ற தீவு ஊருக்குப் போனோம். பேருந்து பாலம் பாலமாக ஏறி இறங்கியது. இறங்கியதும் மாமா முன்னால் நடக்கத் தொடங்கினார். நான் ஜப்பானிய மொழி படித்தவள், வழிப்பலகை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் பாட்டுக்குக் குச்சொழுங்கை ஒன்றில் திரும்பி, மரவீடுகளுக்கிடையில் போய், "இதிலை ஒரு கிணறு இருக்கோணும்" என்றார். அங்கே குளிர்பான இயந்திரம் ஒன்று நின்றது. அவர் அதைச் சுற்றிவந்து பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"கிணத்தை மூடிப்போட்டாங்கள்" என்றார், நகரசபையில் முறையிடப் போகிறவர் மாதிரி.

கடற்சுவரின் அருகே இன்னும் இரண்டு பேர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரே மூலையை அளந்துகொண்டிருந்தார்கள். மாமாவைக் கண்டதும் அவர்களுக்கும் விளங்கிவிட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஞானம் மாமா பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அவ்வளவு சந்தோசத்தில் இருந்த மனிதர், அன்று மாலை என் தங்குமடத்தில் பெட்டியைத் திறந்தவுடன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் பொதி. அதன் மேல் வலன்ரைனின் பெரிய எழுத்து: "அம்மாவுக்கு."

கதையைச் சொன்னார். நான் முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினேன்.

"பரிஸுக்குத் திரும்பிப் போய் ஊருக்குத் தபாலிலை அனுப்பலாம்தானே?"

"மனிசி கண்ணில்லாமல் இருக்குது, பிள்ளை. அவன் நாளைக்கே அக்காவுக்குப் போன் அடிச்சு, தம்பி வந்திட்டாரோ எண்டு கேப்பான். அக்கா என்ன சொல்லுவா? எந்தத் தம்பி எண்டு கேப்பா."

அடுத்தநாள் தொமொனோஊராவுக்குப் போனோம். தொமோ என்றுதான் விளையாட்டுக்காரர்கள் சொல்வார்கள். அவருடைய கப்பலின் சொந்தத் துறைமுகம் அது. அரைவட்டக் குடா, தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகள், முனையில் கல்லால் கட்டிய பழைய விளக்குக் கம்பம். படியில் ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தார். மோரிதா என்பவர். ஐம்பது கடந்தவர். ஃபுகுயாமாவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. எட்டு வருடமாக மாமாவின் கூட்டத்தில் கப்பல் ஓட்டியவர். இருவரும் அதுவரை சந்தித்ததில்லை. மாமா கைகொடுக்கக் கையை நீட்டினார், அவர் குனிந்தார். மாமா குனிந்தார், அவர் கையை நீட்டினார். பிறகு அவர் ஒரு பை நிறையத் தோடம்பழம் தந்தார். படியில் இருந்து உரித்துத் தின்றோம். பேச்சு என் வழியாக நடந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மாமாவின் தொலைபேசி ஒலித்தது. அக்கா. படம் தெரியும் அழைப்பு. மாமா துள்ளி எழுந்து, பின்னால் இருந்த ஒரு வெள்ளைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்று எடுத்தார்.

"எங்கையடா நிக்கிறாய்? வலன்ரைன் போன் அடிச்சவன். நீ வாறாயாம். கண்ணாடி கொண்டு வாறாயாம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

"அவன் பிழையா விளங்கிட்டான் அக்கா. நான் வேலையிலை நிக்கிறன்."

"வேலைக்கு ஏன்ரா தொப்பி போட்டிருக்கிறாய்?"

"குளிர்."

அந்த நேரம் பார்த்து ஊர் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. ஜப்பானின் சின்ன ஊர்களில் மாலை ஐந்து மணிக்கு, பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும் என்று ஒரு மெட்டுப் போடுவார்கள். குடா முழுக்க நிரம்பும் சத்தம்.

"அதென்ன சத்தம்?"

"சேர்ச், அக்கா. பக்கத்திலை சேர்ச்."

அக்கா மெட்டு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பாட்டு" என்றார். "சரி, வேலையைப் பார்." வைத்துவிட்டார்.

மாமா திரும்பி வந்து இருந்தார். தோடம்பழத்தைக் கையில் எடுத்தார், உரிக்கவில்லை. மோரிதா என்னிடம் ஏதோ கேட்டார். அதை மாமாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, அவ கேக்கிறா: நீர் திரும்பக் கொஞ்சம் முதல் ஒவ்வொரு நாளும் நீங்கள் 'போன் பார்க்கிறேன்' எண்டு எழுதிப்போட்டுக் காணாமல் போவியளாம். ஏழு வருசமா ஒரு நாளும் விட்டதில்லையாம். 'யாரின் அழைப்புக்காகப் பார்க்கிறார் என்று நாங்கள் எல்லோரும் யோசிப்போம். இதுதானா அது?' எண்டு கேக்கிறா."

மாமா தண்ணீரைப் பார்த்தார். குடாவுக்குள் நீர் மெல்ல ஏறி, கீழ்ப் படி ஒன்றை மூடிவிட்டிருந்தது.

"இல்லை எண்டு சொல்லு" என்றார். "அது வேறை. அது வரேல்லை எண்டு சொல்லு."

நான் சொன்னேன். மோரிதா தலையசைத்தார்.  போகும்போது மீதித் தோடம்பழத்தையும் பையோடு மாமாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது மாமா வெளிக்கிட்டு, பொதியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தபால் கந்தோர் எங்கை?"

"மாமா, யப்பான் முத்திரை ஒட்டித்தான் போகும். அக்கா பாத்தவுடனை பிடிச்சிடுவா."

"தெரியும்."

தபால் அலுவலர் அச்சிட்ட சீட்டு ஒன்றை ஒட்டப் போனார். மாமா என் தோளைத் தட்டினார். "அது வேண்டாம். படம் போட்ட முத்திரையா ஒட்டச் சொல்லு. வடிவாத் தெரியட்டும்." பூவும் பறவையுமாக ஒரு வரிசை ஒட்டி, அக்காவின் விலாசத்துக்கு அனுப்பினோம்.

பிறகு வாசல் வாங்கில் இருந்து அக்காவுக்கு ஒரு குரல் செய்தி பதிந்தார். என்னை எழுந்து போகச் சொல்லவில்லை. "அக்கா, நான் யப்பானிலை நிக்கிறன். பாஸ்போட் வந்து ரெண்டு வருசமாச்சுது. நான் உங்களிட்டை வராமல் இஞ்சை வந்திட்டன். அண்டைக்கு மூண்டு தரம் எடுத்தனீங்கள். நான் எடுக்கேல்லை. விளையாடிக்கொண்டு இருந்தனான். ஏன் எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. என்னவா இருந்தாலும் சொல்லுங்கோ."

அக்கா அதைக் கேட்டுவிட்டார் என்று தொலைபேசி காட்டியது. பதில் இல்லை. மாமா பரிஸ் திரும்பிய பிறகு அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது: புதுக் கண்ணாடி போட்ட வலன்ரைனின் தாய், முறைத்துக்கொண்டு. கீழே, "சாமான் வந்தது. அளவு சரி."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வழமைபோல அழைத்தார். மழை, மாட்டு விலை, கால் நோவு. "பேப்பர் வந்துட்டுதோ" என்ற கேள்வி மட்டும் அதற்குப் பிறகு வரவேயில்லை. அந்தக் கேள்வி நின்றதையே தனக்கான தீர்ப்பாக மாமா எடுத்துக்கொண்டார். அன்று அக்கா எதற்காக மூன்று முறை எடுத்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது என்றார். வாயால் சொல்லக்கூட முடியாத ஒன்று.

லா சப்பல் அவரைச் சும்மா விடவில்லை. வலன்ரைன் கடைவாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டான்: "அண்ணை, எங்கடை அம்மா கேக்கிறா, கிளிநொச்சிக்குப் போற வழியிலையோ யப்பான் கிடக்கு எண்டு!" அன்றிலிருந்து அவர் யப்பான் அண்ணை. தேநீர்க் கடையிலும் அப்படித்தான். சொந்த அக்காவைப் பார்க்கப் போகாதவன், பொம்மைக் கப்பல் பார்க்க உலகத்தின் அந்தம் வரைக்கும் போனானாம். மாமா, "சரியாத்தானே சொல்லுறாங்கள்" என்பார்.

நான் ஜப்பானிலிருந்து கொரியா, அங்கிருந்து நியூசிலாந்து, பிறகு சிலி என்று அலைந்தேன். 2022இன் முடிவில் பெட்டியோடு வீடு திரும்பினேன். அம்மாவுக்கு நரை கூடியிருந்தது. சின்ன அறையில் மாமா இருந்தார். தொலைபேசிக் கடை மூடிப் பல காலம். கூப்பூரில் அவர் தேநீர்க் கடை மூலையில், தன் சொந்த மடிக்கணினியில் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு இன்னும் போகவில்லை. நான் கேட்கவுமில்லை. ஊருக்குப் போகாமல் வந்தவரை ஜப்பானில் கூட்டிக்கொண்டு திரிந்தவளும் நான்தானே.

அடுத்த வசந்தத்தில் விளையாட்டை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்களாம். கடைசி நாள் மாமா உணவகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார். நானும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். இருந்த கப்பல்கள் எல்லாம் அந்தத் தொமோக் குடாவுக்குள் வந்து நெருக்கி நின்றன. நீர் திரும்பக் காத்திருந்தார்கள். ஆனால் அது திரும்புவதற்கு முன்னமே விளையாட்டு நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மோரிதா எழுதினார். மாமா மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"'அந்த அழைப்பு வந்ததா?' எண்டு கேக்கிறா."

மாமா 'இல்லை' என்று தட்டினார். மோரிதா பதில் எழுதத் தொடங்கியது தெரிந்தது. அவர் முடிப்பதற்குள் திரை வெளுத்து, நன்றி என்று ஒரு சொல் வந்து நின்றது.

மறுநாள் கூப்பூரில் மாமாவுக்குப் போக இடமில்லை. ரூ பெர்தொனேயில் மேலும் கீழும் நடந்திருக்கிறார். மூன்றாவது முறை நடக்கும்போது டிக்கெட் விற்கும் கடைக்குள் ஏறிவிட்டார். யூலைக்கு, கொழும்புக்கு. அன்று மாலையே அக்காவுக்குச் சொன்னார். அக்கா, "வா" என்றார், அவ்வளவுதான். செய்தி வலன்ரைனுக்குப் போனது. ஒரு பொதியோடு வந்தான்.

"அண்ணை, இந்த முறை எந்த நாடு எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ."

டிக்கெட் எடுத்த பிறகு மாமா இன்னும் மோசமாகிவிட்டார். இரவில் சாப்பிடமாட்டார். திருப்பிக் கொடுத்தால் பாதிக் காசு வருமா என்று இரண்டு முறை அம்மாவிடம் கேட்டார். அம்மா, "அண்ணை, நான் உங்களைக் கட்டி ஏத்திவிடுவன்" என்றார்.

யூனில் ஒரு பின்னேரம், கூப்பூரில் நின்றவர் எனக்கு அழைத்தார். "லா சப்பலுக்கு வா, பிள்ளை." போனேன். வலன்ரைன் கடைக்கு எதிரே, சுவரோடு ஒட்டி நின்றார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி. ஏறத்தாழ ஏழு வருடத்துக்கு முன்னால் ஜப்பானில் நின்று அவர் அனுப்பிய செய்திக்கு நேரே கீழே, அதற்கு மறுமொழியாக அனுப்பப்பட்டிருந்தது.

"நீ போடு" என்றார். "என்னாலை ஏலாது."

போட்டேன்.

"தம்பி, அக்கா கதைக்கிறன். நீ வந்து என்ரை முகத்தைப் பாத்துக் கேட்டா என்னாலை சொல்ல ஏலாது. அதாலை இப்பவே சொல்லுறன், கேள். அண்டைக்கு முதல் தரம் ஏன் எடுத்தது எண்டதை நான் சொல்லமாட்டன். அது நானும் அத்தானும் கதைச்சு எடுத்தது. அது எங்களோடை போகட்டும். வந்தும் கேக்காதை. மற்ற ரெண்டையும் சொல்லுறன். அது உனக்கு எடுக்கேல்லை. நீ எடுக்கேல்லை எண்டவுடனை உன்ரை போனிலை ஒரு பொம்பிளை கதைச்சாளடா, பதிஞ்சு வச்ச குரல், பிரெஞ்சிலை. என்ன குரல்! கலியாண வீட்டு வாசலிலை நிண்டு வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுற மாதிரி. அத்தான் போனைப் பறிச்சு அவளுக்கு மறுமொழி சொல்லுறார், 'ஓம் பிள்ளை, நாங்கள் சுகம் பிள்ளை, நீங்கள் சாப்பிட்டாச்சோ' எண்டு. பங்கருக்கை இருந்த சனமெல்லாம் சிரிச்சுது. எத்தினை நாளைக்குப் பிறகு. போன் வச்சிருந்த பெடியனும் சிரிச்சிட்டு, இன்னொருக்கா அவளைக் கதைக்கவிடுங்கோ எண்டான். அப்பிடித்தான் மற்ற ரெண்டு தரமும். அதுக்குப் பிறகு அவர் சிரிச்சு நான் பாக்கேல்லை. நீ கேட்டவுடனை சொல்லியிருக்கலாம். முதல் தரத்தையும் சொல்லவேண்டி வந்திடும் எண்டு பயந்து இருந்திட்டன். அந்த முத்திரையெல்லாம் கழட்டி வச்சிருக்கிறன், நல்ல பறவையள். எனக்கும் இப்ப எழுத்துத் தெரியுதில்லை, ஒரு கண்ணாடி செய்விச்சுக் கொண்டு வா. நடுவிலை ஒரு இடமும் நிக்காமல் வா."